கழற்றத் தோன்றாத பை

ரோமில் பாந்தியனுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடை. வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் செய்தது, தோளில் கிடந்த தோல் பையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டியதுதான். காலையில் கொலோசியம் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே வந்திருந்தோம். ரோமின் பழைய தெருக்களில் சின்னச் சின்னக் கருங்கற்களைப் பதித்திருப்பார்கள். சம்பியெத்ரீனி என்று அதற்குப் பெயர். பார்க்க அழகு, நடந்தால் குதிகாலில் தொடங்கி இடுப்பு வரை அதிரும். அம்மாவுக்கு அப்போது 66 வயது.

"தோள்பட்டையே கழண்டுடும் போல இருக்குடி. கொஞ்ச நேரம் மாட்டி வைக்கிறேன்."

நானும் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி வந்தது. பேரனுக்கு அனுப்ப என் போனில் இரண்டு படம் எடுத்தோம். எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்த்தால் நாற்காலி மட்டும் இருந்தது.

பணமாகப் போனது 180 யூரோ. அது பெரிதில்லை. அம்மாவின் போன் போனது, மூக்குக்கண்ணாடி போனது, பதினோரு நாளைக்கான ரத்த அழுத்த மாத்திரை மொத்தமும் போனது. பாஸ்போர்ட் மட்டும் தப்பியது. முதல் நாள் விடுதியில் பதிவுக்காக வாங்கிக் காட்டியதை அவளிடம் திருப்பிக் கொடுக்க மறந்து என் பையிலேயே வைத்திருந்தேன். அதுவும் போயிருந்தால் ரோமிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கி நேரே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தச் சான்றிதழ் இந்தியாவுக்கு வர மட்டுமே உதவும். ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருக்கும் என்பதால் பயணத்தில் மிச்சமிருந்த ஊர்கள் எல்லாம் அத்தோடு போயிருக்கும்.

கராபினியேரி காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். அதைத் தெனுன்சியா என்கிறார்கள். அதன் நகல் இல்லாமல் பயணக் காப்பீட்டில் எதுவும் கேட்க முடியாது. அதனால் திருட்டுப் போனது சின்னப் பொருளாக இருந்தாலும் புகாரை எழுதி வாங்கிவிடுங்கள். மாத்திரைக்கு உள்ளூர் மருத்துவர் ஒருவரைப் பார்த்துச் சீட்டு வாங்கினோம். கண்ணாடிக்குத்தான் வழியில்லை. இரண்டு நாள் கழித்து வாத்திகனில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை அம்மா மங்கலாகத்தான் பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் காதோடு சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாதது அது ஒன்றில்தான்.

ஊருக்கு வந்த பிறகு நிறையப் படித்தேன். வெளிநாட்டுப் பயணத்துக்கான பை என்று தேடினால் வருவதெல்லாம் பூட்டு, கம்பி வலை, வெட்ட முடியாத வார் பற்றியவை. திருடன் எப்படித் திறப்பான் என்ற கேள்விக்கான விடைகள். அம்மாவின் பையை யாரும் திறக்கவில்லை, வெட்டவில்லை. அவள் கழற்றி வைத்தாள், ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். கழற்றி வைத்ததற்குக் காரணம் தோள் வலி. அந்தப் பையில் உலகத்துப் பூட்டெல்லாம் போட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அதனால் இந்தப் பதிவில் பாதுகாப்பையும் சௌகரியத்தையும் நான் தனித்தனியாகப் பிரிக்கப் போவதில்லை. நாள் முழுக்க உடம்பிலேயே கிடந்தும் உறுத்தாத பைதான் பத்திரமான பை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

கையில் இருந்ததைப் பறிகொடுத்தவர்கள் தங்களையே திட்டிக்கொள்வார்கள். அம்மாவும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் ஒரு நாள் திறக்கவே இல்லை. பிக்பாக்கெட் கும்பல்களின் தொல்லை தாங்கவில்லை என்று ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2015 மே மாதம் அதே காரணத்துக்காக ஈபிள் கோபுரத்தின் ஊழியர்களும் சில மணி நேரம் நிறுத்தினார்கள். தினமும் அங்கேயே நிற்பவர்களால் சமாளிக்க முடியாததை, கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் எப்படிக் கவனித்துக்கொண்டே இருக்க முடியும்? அதனால்தான் கவனம் என்பதை மட்டும் நம்பாமல், பை தன் வேலையைத் தானே செய்யும்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் எடை. தொலைந்த பை அம்மா ஓய்வு பெற்றபோது தம்பி வாங்கிக் கொடுத்தது. நல்ல தோல், நல்ல தையல். அதே மாதிரிப் பையைக் கடையில் எடை போடச் சொன்னேன். வெறும் பையே 940 கிராம். பிறகு, அன்றைக்கு உள்ளே இருந்தவற்றைப் போன்ற பொருள்களை வீட்டில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு 560. குடை 310. பவர் பேங்க் 220. போன், கண்ணாடிக் கூடு, மாத்திரை, சில்லறையோடு பர்ஸ் என்று மிச்சமெல்லாம் சேர்ந்து 600. மொத்தம் 2 கிலோ 630 கிராம். மளிகைக் கடையிலிருந்து இரண்டரைக் கிலோ அரிசியை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவை ஆறு மணி நேரம் நடக்கச் சொல்வேனா? ரோமில் அதைத்தான் செய்ய வைத்திருந்தேன்.

அதனால் என் முதல் விதி: வெறும் பை 400 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தோல் இந்த வரம்புக்குள் வருவது அபூர்வம். ரெக்சினும் கனம்தான், வெயிலில் வெடிக்கவும் செய்யும். நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர்தான் சரி. பேகல்லினி என்ற அமெரிக்க நிறுவனத்தை 1995ல் தொடங்கியவர்கள் இரண்டு விமானப் பணிப்பெண்கள் என்று படித்தபோது எனக்கு உடனே புரிந்தது. நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்கென்று பை செய்தால் அது லேசான நைலானில்தான் இருக்கும். அந்தப் பெயர்தான் வேண்டும் என்று இல்லை. நம் ஊர்க் கடைகளிலும் அப்படிப்பட்ட நைலான் பைகள் கிடைக்கின்றன.

பையின் எடை பாதிதான். மீதி நாம் உள்ளே போடுவது. தண்ணீர்தான் பெரிய சுமை. ரோமில் நசோனி என்று சொல்லும் தெருக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன. 1874லிருந்து வைத்து வருகிறார்கள். வளைந்த மூக்கு மாதிரி குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கவும் நல்ல தண்ணீர். இது தெரிந்திருந்தால் அம்மாவின் தோளில் அரை லிட்டரை ஏற்றியிருக்க மாட்டேன். மடித்து வைக்கும் காலி பாட்டில் ஒன்று போதும். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் குடிதண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று முதலில் பார்த்துவிடுகிறேன். தண்ணீர், குடை, பவர் பேங்க் மூன்றும் அம்மா பையிலிருந்து என் முதுகுப் பைக்கு மாறிவிட்டன. என் முதுகுப் பையில் பணமோ பாஸ்போர்ட்டோ இருக்காது. யாராவது திறந்தால் ஒரு குடைதான் கிடைக்கும். முதுகுக்கு எடை, முன்பக்கத்துக்கு மதிப்பு என்று பிரித்துக்கொண்டோம். தனியாகப் போகிறவர்களும் இப்படி இரண்டு பையாகப் பிரிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றில் திணிப்பதைவிட இது உடம்புக்கு நல்லது.

பவர் பேங்க் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கூடவே எடுத்துப் போகும் பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. அது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். நமக்கு 10,000 தாராளம், எடையும் குறையும்.

அடுத்தது வார். கடையில் யாரும் இதைப் பார்ப்பதில்லை; நிறத்தையும் அறைகளையும்தான் பார்க்கிறோம். தோளில் படுகிற இடத்தில் வார் குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். மெல்லிய வாரும் சங்கிலி வாரும் அரை மணி நேரத்திலேயே அறுக்கத் தொடங்கும். ஒரே தோளில் தொங்கவிடாமல், ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போடும் வகைதான் வேண்டும். ஒரே தோளில் தொங்கும் பை நழுவும், நழுவாமல் இருக்க நம்மை அறியாமலே தோளைத் தூக்கிப் பிடிப்போம், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நீளத்தில்தான் நம் பெண்களுக்குச் சிக்கல். அம்மா ஐந்தடி. வெளிநாட்டுப் பைகள் பலவற்றின் வாரை முழுக்கக் குறைத்தாலும் பை அவள் தொடையில் போய் இடிக்கும். அடிக்கு அடி ஆடுகிற பை தோளை இழுக்கும். கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. பையின் வாய் இடுப்பெலும்பின் உயரத்தில், முழங்கையை மடக்கினால் முன்கை அதன்மேல் இயல்பாகப் படுகிற மாதிரி இருக்க வேண்டும். சாதாரண நைலான் வாராக இருந்தால் செருப்புத் தைப்பவரிடமோ பை தைப்பவரிடமோ கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். உள்ளே கம்பி ஓடும் வாரை அப்படி வெட்டித் தைக்க முடியாது. ஆகவே அந்த மாதிரிப் பையை வாங்கும் முன் அணிந்து பார்த்தே தீர வேண்டும். இணையத்தில் ஆர்டர் செய்தால், வார் மிகக் குறைந்த நீளத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு நாடாவை அதே நீளத்துக்கு வெட்டி மாட்டிப் பாருங்கள்.

வார் பையோடு சேரும் இடத்தையும் இழுத்துப் பாருங்கள். கொக்கி போட்டு மாட்டும் வார்கள் வசதியாகத் தெரியும். கூட்டத்தில் இன்னொருவர் விரலால் அழுத்தினாலும் அவை கழன்றுவிடும். நேரடியாகத் தைத்தது, அந்தத் தையலும் ஒரு கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட மாதிரி இருந்தால் நம்பலாம்.

கம்பி வைத்த பைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பேக்சேஃப் என்ற நிறுவனத்தை 1998ல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் தொடங்கினார்கள். துணிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை, வாருக்குள் கம்பி, ஜிப்பை மாட்டிப் பூட்டும் கொக்கி என்று இந்தத் துறைக்கே வழி காட்டியவர்கள் அவர்கள். நல்ல வேலைப்பாடு, விலையும் அதிகம். பஸ்ஸில் ரயிலில் பிளேடால் கிழிப்பதற்கு அது சரியான பதில். ஆனால் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பைக்கில் வந்து சங்கிலி பறிப்பதைப் போல, நேப்பிள்ஸிலும் ஹோ சி மின் நகரிலும் ஸ்கூட்டரில் வந்து பையைப் பறிப்பது உண்டு. அப்போது உடம்பில் குறுக்கே மாட்டிய, அறுபடாத வார் ஆளையே ரோட்டில் இழுத்துவிடும். வயதானவர்களுக்கு அது எலும்பு முறிவு. அப்படிப்பட்ட ஊர்களில் பையைச் சுவர்ப் பக்கமாகப் போட்டு, நடைபாதையின் உள்ளோரமாக நடக்க வேண்டும்; துப்பட்டாவோ கோட்டோ அதன்மேல் வரட்டும், வண்டியில் போகிறவன் கண்ணில் வாரே படக் கூடாது. இழுத்தால் விட்டுவிட வேண்டும். அம்மாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். விட்டுக்கொடுக்க மனசு வர வேண்டுமானால், விட முடியாத பொருள் அந்தப் பையில் இருக்கக் கூடாது. அதற்குக் கீழே வருகிறேன்.

நான் கடைசியில் அம்மாவுக்குக் கம்பி வலை இல்லாத பையைத்தான் எடுத்தேன். எடை குறைவு என்பதுதான் காரணம். இளவயதுக்காரர்கள், கூட்ட நெரிசலில் மெட்ரோவில் தினமும் போகப் போகிறவர்கள், 200 கிராம் கூடினால் பரவாயில்லை என்றால் கம்பிப் பையை வாங்கலாம்.

ஜிப்புக்கு நான் நிறைய நேரம் செலவழித்தேன், அது வீண் போகவில்லை. காந்தப் பொத்தானும் மூடி மட்டும் உள்ள பைகளும் வேண்டவே வேண்டாம். இரண்டு விரலால் சத்தமில்லாமல் திறக்கலாம். முழுக்க மூடும் ஜிப் வேண்டும். ஜிப்பின் நாக்கை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். உலகத்துப் பைகளில் ஏராளமானவற்றில் ஒய்.கே.கே. என்ற மூன்று எழுத்து இருக்கும். 1934ல் ததாவோ யோஷிதா தொடங்கிய ஜப்பானிய நிறுவனம். வெளியூரில் ஜிப் பிய்ந்தால் பையே பயனில்லாமல் போகும் என்பதால் இந்தச் சின்ன விஷயத்தைப் பார்ப்பது நல்லது. அடுத்து, பை உங்கள் இடுப்பில் இருக்கும்போது ஜிப் எந்தப் பக்கம் வந்து முடிகிறது என்று பாருங்கள். மூடிய நிலையில் நாக்கு முன்னால், உங்கள் வயிற்றை ஒட்டி வர வேண்டும். பின்னால் முடிந்தால் அது பின்னால் நிற்பவருக்கான வசதி. சில பைகளில் இதற்காகவே வாரை இடது தோளுக்கு மாற்றிப் போட வேண்டியிருக்கும். இரண்டு நாக்கு உள்ள ஜிப்பாக இருந்தால், இரண்டையும் ஒரு சின்னச் சாவி வளையத்தில் கோத்துவிடுங்கள். பத்து ரூபாய் வேலை. நாம் திறக்கவே ஐந்து விநாடி ஆகும். தெரியாமல் திறக்க நினைப்பவருக்கு அந்த ஐந்து விநாடி அதிகம்.

அறைகள் மூன்று போதும். அதற்கு மேல் இருந்தால் டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருப்போம். பை திறந்திருக்கும் நேரமும் நம் கவனம் அதற்குள் இருக்கும் நேரமும்தான் ஆபத்து. உள்துணி வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புத் துணிக்குள் கறுப்பு பர்ஸைத் தேடுவது வயதான கண்ணுக்குக் கஷ்டம்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு. ஏ4 தாளைவிடச் சின்னதாக இருந்தால் கவலை இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்குள் ஏ4 அளவுக்கு மேற்பட்ட பையை விடமாட்டார்கள். பல அருங்காட்சியகங்கள் பெரிய பையை வாசலில் வாங்கி வைத்துவிடும். வாசலில் விட வேண்டிய பை என்றால் மறுபடியும் கழற்றும் பைதான். ஐரோப்பாவின் சிக்கன விமானங்களில் கட்டணம் இல்லாமல் ஒரே ஒரு சிறிய பைக்குத்தான் இடம். கைப்பை, முதுகுப் பை இரண்டையும் தனித்தனியாகக் கணக்கெடுத்துப் பணம் கேட்பார்கள். முதுகுப் பைக்குள் மடித்துச் செருகும் அளவுக்குக் கைப்பை தட்டையாக இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

கார்டைத் தொலைவிலிருந்தே படித்துப் பணத்தை எடுத்துவிடுவார்கள், அதனால் மின்காந்தத் தடுப்பு உள்ள பை வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நான் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவில்லை. நம் கார்டுகளில் உள்ள சிப் 13.56 மெகாஹெர்ட்ஸில், சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதுக் குறியீடு உருவாகும். சிப் வைத்த பாஸ்போர்ட்டிலும், படம் உள்ள பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் வரிகளைப் படித்தால்தான் சிப் திறக்கும். பைக்குள் மூடியிருக்கும் பாஸ்போர்ட்டை அப்படிப் படிக்க முடியாது. பையோடு அந்தத் தடுப்பு வந்தால் வரட்டும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதைவிடப் பயனுள்ளது, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தினசரி வரம்பையும் நாமே திறந்து மூடும் வசதி. புறப்படும் முன் அம்மாவின் கார்டில் அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தேன்.

இப்போது, விட முடியாத பொருள்களுக்கு வருகிறேன்.

என் பாட்டி சந்தைக்குப் போனால் இடுப்பில் சுருக்குப் பை செருகியிருப்பாள். வெற்றிலை பாக்கு ஒன்றில், காசு இன்னொன்றில். வெற்றிலைப் பை எல்லார் எதிரிலும் வெளியே வரும். காசுப் பை வீட்டை விட்டுக் கிளம்பும்போது உள்ளே போனால் சேலை மடிப்புக்குள்தான் இருக்கும். பல வருஷம் கழித்து, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று படித்தேன். நாடாவில் கோத்த தட்டையான துணிப் பைகளைப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டியிருந்தார்கள். மேல் பாவாடையின் பக்கவாட்டில் விட்ட பிளவு வழியாகக் கையை விட்டு எடுத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், பூத்தையல் போட்டவைகூட உண்டு. அந்த நூற்றாண்டின் முடிவில் உடைகள் மெலிந்து உடம்போடு ஒட்டியபோது உள்பைக்கு இடமில்லாமல் போனது. கையில் பிடிக்கும் சின்னப் பை வந்தது, அதிலிருந்து இன்றைய கைப்பை. உடம்புக்குள் இருந்ததை வெளியே கொண்டுவந்த நாளிலிருந்துதான் அதைப் பறிக்கவும் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. பாட்டிக்கும் அந்த ஐரோப்பியப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது எனக்குத் தெரியாமல் இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு டெய்லரிடம் ஒரு காட்டன் உள்பை தைக்கச் சொன்னேன். பாஸ்போர்ட் 12.5 சென்டிமீட்டர் நீளம், 8.8 அகலம். உள்பை 16க்கு 12. மேலே ஜிப், இரண்டு பக்கமும் நாடா. சுடிதார் பேன்டுக்கு மேல், டாப்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளலாம். சேலையென்றால் உள்பாவாடை நாடாவிலேயே கோக்கலாம். பாஸ்போர்ட், ஒரு கார்டு, 200 யூரோ. அவ்வளவுதான் அதில். அதைத் தெருவில் வைத்து எடுக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. தேவைப்பட்டால் கழிப்பறைக்குள் போய் எடுக்க வேண்டும். கடைகளில் விற்கும் இடுப்புப் பட்டைகள் பெரும்பாலும் செயற்கைத் துணி, வேர்த்து அரிக்கும். அரித்தால் அம்மா அதையும் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவாள். காட்டன் என்றதற்குக் காரணம் அதுதான்.

மாத்திரையை மூன்றாகப் பிரித்தோம். இரண்டு நாளைக்கானது கைப்பையில், ஒரு வாரத்துக்கானது என் பையில், மிச்சம் விடுதியில். மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவர் சீட்டின் படம் இருவர் போனிலும் உண்டு. மாற்றுக் கண்ணாடி ஒன்று என் பெட்டியில். இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு, ஒரு பழைய ஃப்ரேமில் புது லென்ஸ் போட்டது மட்டும்தான்.

பையை வாங்கின விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தி.நகருக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை எடுத்துப் போனேன். அம்மா ஒவ்வொரு பையிலும் பருப்பைப் போட்டு, மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே நடந்தாள். குனிந்தாள், உட்கார்ந்தாள், ஜிப்பை ஒரு கையால் திறந்து மூடினாள். ஆறாவது பையில்தான் முகம் தெளிந்தது. சாம்பல் நிற நைலான், 380 கிராம், அகல வார், பின்பக்கம் உடம்போடு ஒட்டுகிற ஒரு ஜிப் அறை. சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் முழுச் சுமையோடு ஒன்றரை மணி நேரம் நடந்தோம். சுமை என்றால் இப்போது மொத்தமே 1,150 கிராம்.

"என்னம்மா, கழட்டணும் போல இருக்கா?"

"எதை?" என்றாள்.

அதுதான் நான் காத்திருந்த பதில்.

அடுத்த வருஷம் பார்சிலோனாவும் லிஸ்பனும் போனோம். மெட்ரோவில் ஏறும்போது பையை வயிற்றுக்கு முன்னால் திருப்பிக்கொள்வாள். கதவு மூடும் நேரத்தில்தான் தள்ளுமுள்ளு என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். விமான நிலையச் சோதனையில், தனக்கு முன்னால் நிற்பவர் வாயிலைத் தாண்டும் வரை பையைத் தட்டில் வைக்காமல் நிற்பாள். அவசரப்படுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், நகரமாட்டாள். கழிப்பறைக் கதவின் கொக்கியில் பையை மாட்டாமல் கழுத்திலேயே போட்டுக்கொள்வாள். கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்தால் பை மடியில் இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்ற வேண்டிய அவசியம் இல்லாததால் அது அங்கேயே இருந்தது.

வரும் ஏப்ரலில் ஜப்பான் போகத் திட்டம். அங்கே திருட்டு பயம் குறைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மா, உள்பை இந்த முறை வேண்டுமா என்று கேட்டாள். ஜப்பானில் சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விடுதியில் விட்டுவிட்டு வர முடியாது. அதோடு, தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம், பிஸ்கட் உறையைக்கூடப் பைக்குள்தான் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். 500 யென் வரை நாணயமாகவே புழங்குவதால் சில்லறை வேறு சேரும். கைப்பைக்கு அங்கே வேறு வேலைகள் காத்திருக்கின்றன. பாஸ்போர்ட் உள்பையிலேயே இருக்கட்டும் என்றேன். நாடா நைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அதை எடுத்துக்கொண்டு நேற்று டெய்லரிடம் அவளே போயிருக்கிறாள். சில்லறைக்கும் ஒன்று, பாட்டியுடையது மாதிரி சுருக்குக் கயிறு போட்டுத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தாளாம்.